வரதராசா போடாத அறுநூறு புள்ளிகள்

சுவிற்சர்லாந்தில் பந்து கூடைக்குள் விழுந்தால் மட்டும் போதாது. போடுவதற்குத் தகுதியுள்ள ஒருவர் அதைப் போட்டிருக்கவும் வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் 1985 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வரதராசா முப்பத்தொரு புள்ளிகளைப் போட்டுவிட்டான்.

திங்கட்கிழமை காலை மரியதாஸ் அண்ணை பேப்பரோடு அறைக்குள் வந்தார். பேர்ண் நகருக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் அந்த ஒரு அறையில் நாலு பேர் இருந்தார்கள். மரியதாஸ் எண்பத்தொன்றிலேயே வந்தவர். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. நாலு பேரில் ஜேர்மன் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே மற்ற மூவருக்கும் அவர்தான் மொழிபெயர்ப்பாளர், சட்டத்தரணி, தேவைப்பட்டால் ஏச்சுக்காரர்.

“நீ சனிக்கிழமை விளையாடினனியோ, இல்லாட்டி வெளியிலை வாங்கிலை குந்தியிருந்தனியோ?”

“விளையாடினனான் அண்ணை. முப்பத்தொண்டு போட்டனான்.”

“இஞ்சை பூச்சியம் எண்டு கிடக்கு.”

வரதராசா சிரித்தான். அச்சுப்பிழை என்று நினைத்தான். பாவம், அந்த நாட்டில் அச்சுப்பிழை வருவதில்லை என்பதும் அவனுக்கு அப்போது தெரியாது.

அவன் கொழும்பில் ஆறு வருடம் ஒரு கம்பெனிக்காகக் கூடைப்பந்து விளையாடியவன். பதிவில் கிளார்க். மேசையில் அவனுக்கென்று ஒரு பேனா இருந்தது, மை கடைசிவரை தீரவில்லை. அந்த ஆறு வருடமும் வர்த்தகச் சங்கப் போட்டிகளில் அதிக புள்ளி எடுத்தவர் பட்டியலில் முதலாவது பெயர் அவனுடையது. எண்பத்துமூன்று கலவரத்தோடு கம்பெனியும் எரிந்தது, பட்டியலும் எரிந்தது. தஞ்சம் கேட்டு பேர்ண் வந்து சேர்ந்தவனுக்கு, விசாரணை முடியும்வரை ஒரு உணவகத்தில் சட்டி கழுவ அனுமதி கிடைத்தது. அந்த உணவகத்தின் முதலாளி லூத்தி ஒருநாள் சமையலறைக்குள் வந்தபோது, வரதராசா ஏணியில்லாமல் மேல்தட்டில் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். லூத்தி பக்கத்து ஊரின் கூடைப்பந்துக் கழகத்துக்குத் தலைவர். அந்தக் கழகம் மிற்றல்லாண்ட் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்தது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த கிழமையிலிருந்து வரதராசா காலையில் நாலு மணித்தியாலம் சட்டி கழுவினான், பின்னேரம் நாலு மணித்தியாலம் பயிற்சி எடுத்தான். கடதாசியில் எட்டு மணித்தியாலமும் சட்டிதான்.

அவன் இதற்கு ஒத்துக்கொண்டது புகழுக்காக அல்ல. மனைவி பத்மினியும் நாலு வயது மகளும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தார்கள். தஞ்ச விசாரணையில் இருப்பவன் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. வருட அனுமதி உள்ளவன் கூப்பிடலாம். கன்ரோன் என்ற மாநில அரசின் அலுவலகத்தில் அதற்கு ஒரு குறுக்கு வழி இருப்பதாக, அங்கிருந்து வந்த கடிதத்தைக் காட்டி லூத்தி சொன்னார். அசாதாரணத் திறமையுள்ள விளையாட்டு வீரருக்கு வருட அனுமதி கொடுக்கலாமாம். ஆதாரமாக, லீக்கின் உத்தியோகபூர்வப் பட்டியல் ஏதாவது ஒன்றில் சீசன் முடிவில் முதல் ஐந்து பேருக்குள் பெயர் இருக்கவேண்டுமாம். இதைக் கேட்டபோது வரதராசாவுக்கு அழுகை வந்துவிட்டது. முதல் ஐந்து என்பது அவனுக்கு வேலையே அல்ல.

ஆகவே அந்தப் பூச்சியம் வெறும் பூச்சியம் அல்ல. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு மரியதாஸையும் கூட்டிக்கொண்டு லீக்கின் புள்ளிவிபர ஆணைக்குழுவுக்குப் போனான். அது பேர்ணில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. செவ்வாயும் வியாழனும் இரண்டிலிருந்து நாலு மணிவரை திறந்திருக்கும். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் எழுந்து இருவருக்கும் தனித்தனியாகக் கை கொடுத்துப் பெயர் சொன்னார்கள். அதற்கே ஒன்பது நிமிடம் போனது. தலைவர் டொக்டர் ஸ்டுக்கி பென்சிலைச் சீவினார். சீவிய தூளை ஒரு சின்னத் தூரிகையால் தட்டத்தில் கூட்டினார். பிறகு பேசினார்.

“பந்து விழுந்ததை ஆணைக்குழு மறுக்கவில்லை. அதற்கு மூன்று கையொப்பங்கள் உள்ளன. ஆனால் எங்கள் பட்டியலில் இரண்டு பத்திகள்தான் உண்டு. சுவிஸ் வீரர்கள், வெளிநாட்டு வீரர்கள். ஒரு கழகத்துக்கு இரண்டு வெளிநாட்டவர். உங்கள் கழகத்தின் இரண்டு இடங்களையும் அமெரிக்கர்கள் நிரப்பியிருக்கிறார்கள். நீங்கள் சுவிஸ் அல்ல. வெளிநாட்டவராக இருக்கவும் இடமில்லை. தஞ்சம் கோரியவர் நிர்வாகரீதியாக இன்னும் வந்து சேராதவர். வந்து சேராத ஒருவர் முப்பத்தொரு புள்ளி எடுத்தார் என்று நாங்கள் அச்சிட்டால் எங்களை யார் நம்புவார்கள்?”

மரியதாஸ் வரதராசாவின் பக்கம் திரும்பினார். “பத்தி இல்லையாம்.”

“அப்ப ஏன் என்னை விளையாட விட்டவை எண்டு கேளுங்கோ.”

கேட்டார். அது அனுமதிப் பிரிவு, இரண்டாம் மாடி என்று ஸ்டுக்கி மிகவும் மரியாதையாகச் சொன்னார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் எழுபத்தெட்டாம் ஆண்டிலிருந்து கடிதத் தொடர்பு மட்டும்தான் என்றும் சொன்னார்.

லூத்தி சும்மா இருக்கவில்லை. மூன்றாவது பத்தி ஒன்று திறக்கும்படி மனுப் போட்டார். ஆணைக்குழு கன்ரோனிடம் அபிப்பிராயம் கேட்டது. மேற்படி நபருக்குச் சமையலறை உதவிக்கு மட்டுமே அனுமதி உண்டு என்று பதில் வந்தது. எறிந்து போடுவது சமையலறை உதவியில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. எழுந்த கேள்வியை உட்கார வைக்க அந்த நாட்டில் ஒரே வழி, உபகுழு. நவம்பரில் ஒரு புதன்கிழமை மூன்று பேர் கொண்ட உபகுழு உணவகத்துக்கு வந்து, எல்லாருக்கும் கை கொடுத்து, வரதராசாவைத் தன் வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னது. அவன் தோலுரித்த உருளைக்கிழங்குகளை நாலு மீற்றர் தூரத்தில் இருந்த அண்டாவுக்குள் எறிந்தான். தினமும் அப்படித்தான் செய்வான், நடக்கச் சோம்பல். நாற்பது எறிந்தான். நாற்பதும் விழுந்தன.

இரண்டு கிழமையில் அறிக்கை வந்தது. நாற்பது உருளைக்கிழங்குகளும் அவனுடைய முழுப்பெயரில், பிறந்த திகதியோடு அங்கீகரிக்கப்பட்டிருந்தன.

“அப்ப சரிவந்திட்டுதோ அண்ணை?”

“உருளைக்கிழங்கு லீக்கிலை இல்லையாம்.”

இதற்கிடையில் ஆணைக்குழுவுக்கு வேறொரு தலையிடி பிடித்தது. வரதராசாவுக்குப் பத்தி இல்லைதான். ஆனால் கழகம் எண்பத்துநாலு எடுத்து வென்றது என்று ஒரு தாளில் இருக்க, ஆட்களின் புள்ளிகளைக் கூட்டினால் ஐம்பத்துமூன்றுதான் வந்தது. முப்பத்தொன்று அநாதையாக நின்றது. சைக்கிளுக்கே இலக்கத்தகடு வைத்திருக்கும் நாட்டில் முப்பத்தொரு புள்ளிகள் உரிமையாளர் இல்லாமல் அலைவதை ஸ்டுக்கியால் தாங்க முடியவில்லை. சரியாகச் சாப்பிடுகிறார் இல்லை என்று அவருடைய செயலாளர் லூத்தியிடம் சொன்னாராம். ஈற்றில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. தகுதியற்ற ஒருவர் போடும் புள்ளிகள், அவருக்கு முன் கடைசியாகப் பந்தைக் கையாண்ட தகுதியுள்ளவரின் பெயரில் பதியப்படும்.

கழகத்தில் வரதராசாவுக்குப் பந்து கொடுப்பவன் டெல்பேர்ட். அமெரிக்காவின் ஒகாயோவிலிருந்து வந்து எட்டு வருடமாக சுவிற்சர்லாந்தில் விளையாடுகிறவன். வயது முப்பத்தாறு. இடது முழங்காலில் ஒன்றும் மிச்சமில்லை. நடுக்கோட்டில் நின்றபடி பந்தை வாங்குவான், வரதராசாவிடம் கொடுப்பான், முழங்காலைத் தடவுவான். முந்திய சீசனில் அவனுடைய சராசரி பன்னிரண்டு. இப்போது நாற்பத்துநாலுக்கு ஏறியது. டிசம்பரில் லீக்கின் முதலாவது புள்ளி வீரன் டெல்பேர்ட். ஜனவரியில் பத்தாண்டின் முதலாவது புள்ளி வீரனும் டெல்பேர்ட். ஆணைக்குழு ‘எண்பதுகளின் முன்னணியாளர்கள்’ என்று ஒரு நூலே போட்டது. அட்டையில் டெல்பேர்ட் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம்.

அவன் நல்ல மனிதன். வெட்கத்தில் நொந்துபோனான். “இந்தப் புள்ளிகள் என்னுடையவை அல்ல. போன மூன்று மட்ச்சில் நான் கூடையை நிமிர்ந்து பார்க்கவேயில்லை” என்று ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதினான். வீரர்களின் ஞாபகத்தை ஆணைக்குழு ஆதாரமாக ஏற்பதில்லை என்று பதில் வந்தது. கூடவே நூலின் இரண்டு இலவசப் பிரதிகளும் வந்தன.

“இனி நான் உனக்குப் பந்து தரமாட்டேன்” என்றான் டெல்பேர்ட். “நான் தராவிட்டால் அவர்கள் யாருக்குக் கொடுப்பார்கள் பார்ப்போம்.”

பாடன் நகரில் நடந்த மட்ச்சில் சொன்னபடி செய்தான். வரதராசாவுக்கு யாரும் பந்து கொடுக்கவில்லை. அவன் எதிரணிக்காரரிடமிருந்து பறித்துப் பறித்துப் போட்டான். பாவம், அந்த அணியின் மெலிந்த பொடியன் ஒருவனிடமிருந்துதான் அதிகம் பறித்தான். திங்கட்கிழமை பேப்பரில் அந்தப் பொடியனின் பெயருக்கு எதிரே பதினெட்டுப் புள்ளிகள். எல்லாம் சொந்த அணிக்கு எதிராகப் போட்டவை. அவனுடைய வாழ்க்கையிலேயே அதுதான் கூடிய எண்ணிக்கை என்பதால் அவனுடைய கழகம் அவனை அடுத்த சீசனுக்கும் ஒப்பந்தம் செய்தது.

தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் தனி எறிகளில் பந்தைக் கையில் கொடுப்பவர் நடுவர். ஆகவே அந்தப் புள்ளிகள் நடுவருக்குப் போயின. கிழமை நாட்களில் பேக்கரி நடத்தும் அந்தத் தடித்த மனிதர் மார்ச் மாதமளவில் லீக்கின் பட்டியலில் பதினேழாம் இடத்துக்கு வந்துவிட்டார். அவருடைய மனைவி பேப்பரை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். அதற்குப் பிறகு யாராவது வரதராசாவின் பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே அவர் விசில் ஊதித் தனி எறி கொடுத்தார்.

வரதராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு வரலாம், அவனுக்கு எப்படி வரும். மட்ச் முடியும்போது சனம் எழுந்து நின்று கைதட்டும். பலகையில் கழகத்தின் எண்ணிக்கை பளிச்சென்று எரியும். திங்கட்கிழமை காலை பூச்சியம். கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினான். ஒருநாள் ஒரு கோப்பையைச் சுவரில் அடித்து உடைத்தான். பிறகு தானே கூட்டி அள்ளினான்.

இதற்கு முன்பே, ஜனவரிக் கடைசியில், மரியதாஸ்தான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பேப்பரின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இன்னொரு பட்டியல் இருந்தது. தவறுகள். அதாவது எதிராளியை இடித்தது, கையில் அடித்தது, மறித்தது. அதில் ஏழாவது இடத்தில் வரதராசாவின் பெயர், ஓர் எழுத்துக் குறையாமல்.

வியாழக்கிழமை மூன்றாம் மாடிக்குப் போய், கை கொடுத்து முடித்தபின், இது எப்படி என்று கேட்டார்கள். ஸ்டுக்கிக்குக் கேள்வியே விநோதமாகப் பட்டது.

“புள்ளி என்பது ஓர் உரிமை. உரிமைக்குப் பத்தி வேண்டும். தவறு அப்படியல்ல. தவறைச் செய்தவர் யார் என்று தெரிந்திருப்பது பொதுநலன். அந்தப் பட்டியலில் நாங்கள் யாரிடமும் பாகுபாடு காட்டுவதில்லை. அதைப் பற்றி எனக்கு மிகுந்த பெருமை உண்டு.”

பஸ்ஸால் இறங்கியதும் மரியதாஸ் நின்றார்.

“வரதன், கன்ரோன் கடிதத்திலை என்ன கிடக்கு? உத்தியோகபூர்வப் பட்டியல் ஏதாவது ஒண்டு எண்டுதானே கிடக்கு. புள்ளிப் பட்டியல் எண்டு எங்கையாவது கிடக்கோ?”

அகதி முகாமில் ஒரு மாதம் இருந்தவன் எவனுக்கும் இந்தப் புத்தி வரும். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டான், என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பான். அந்த இடைவெளிக்குள்ளால்தான் பாதிச் சனம் உள்ளே வந்தது.

“அண்ணை, நான் ஆரையும் வேணுமெண்டு இடிச்சு விளையாடினவன் இல்லை.”

“பத்மினியை நினைச்சுக்கொண்டு இடி.”

இடித்தான். ஒரு மட்ச்சில் ஐந்து தவறு செய்தால் வெளியேற்றுவார்கள் என்பதால், முதலில் புள்ளிகளைப் போட்டு வெற்றியை உறுதியாக்கிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் கணக்காக ஐந்தையும் முடித்துக்கொண்டு வாங்குக்கு வந்தான். இடிப்பதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டான். அது அவனுடைய வளர்ப்பு. ஆனால் “மன்னியுங்கோ” என்று ஜேர்மனில் சொல்லிக்கொண்டு ஓடி வருகிற ஆறடி மூன்றங்குல மனிதனைக் கண்டு லோசான் அணிக்காரர்கள் இரண்டு பேர் பந்தை அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். கொழும்பில் சுத்தமான விளையாட்டுக்காரன் என்று பேர் எடுத்தவன். ஒவ்வொரு தரமும் உடம்பு கூசியது. எண்ணிக்கை ஏறியது.

ஏப்ரலில் சீசன் முடிந்தது. இருபத்திரண்டு மட்ச், தொண்ணூற்றொரு தவறுகள், லீக்கில் முதலாம் இடம். ஆணைக்குழு ஒரு பரிசளிப்பு விழா வைத்து, பொன் விளிம்பிட்ட சான்றிதழைக் கொடுத்தது. டெல்பேர்ட்டுக்கு ஆளுயரக் கிண்ணம். அவன் அதை மேடையிலேயே வரதராசாவிடம் கொடுக்கப் போனபோது, கிண்ணத்தைக் கைமாற்ற விதியில்லை என்று ஸ்டுக்கி இடையில் வந்து நின்றார். ஆனாலும் வரதராசா அன்று சந்தோஷமாகத்தான் இருந்தான். லூத்தி சான்றிதழை இணைத்து விண்ணப்பத்தை அனுப்பினார். வரதராசா கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தான்.

“பத்மினி, பட்டியலிலை நான் முதலாமிடம்.”

“எனக்குத் தெரியுமப்பா. உங்களை ஆர் முந்திறது?”

எந்தப் பட்டியல் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தக் கிழமையே அவள் தையல் மெஷினைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, மகளுக்குக் கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கினாள்.

ஜூன் மாதம் கடிதம் வந்தது. மரியதாஸ் ஒருதரம் மனதுக்குள் வாசித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, இந்தமுறை சுருக்காமல் முழுவதையும் சொன்னார்.

விண்ணப்பம் விதிமுறைப்படி சரியானது என்றும், பட்டியல் உத்தியோகபூர்வமானது என்றும் அலுவலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. முழுமைக்காக ஆணைக்குழுவிடம் விண்ணப்பதாரரின் மற்றைய பதிவுகளையும் கேட்டதாம். ஆணைக்குழு அன்றைய தபாலிலேயே அனுப்பிவைத்ததாம். அவற்றைப் பார்த்தபின் அலுவலகம் அனுமதியை மறுத்து எழுதியிருந்தது. ‘மேற்படி நபர் இருபத்திரண்டு ஆட்டங்களில் பங்குபற்றிப் பூச்சியம் புள்ளிகள் எடுத்துள்ளார். பங்குபற்றிய காலம் முழுவதும் அவருடைய ஒரே பங்களிப்பு மற்றவர்களை இடையூறு செய்ததேயாகும். இந்தச் சேவைக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் தேவைப்படும் அளவுக்கு உள்நாட்டில் ஆட்பற்றாக்குறை இருப்பதாக எமக்குத் தெரியவில்லை.’ தஞ்ச விசாரணையில் தன்னைத் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர் என்று அவர் சொல்லியிருப்பதால், அந்தக் கூற்றின் நம்பகத்தன்மையை மீளப் பரிசீலிக்கும்படி பிரதியொன்று தஞ்ச விசாரணைப் பிரிவுக்கும் போயிருந்தது.

வரதராசா கடிதத்தைப் பறித்துக்கொண்டு தனியே மூன்றாம் மாடிக்கு ஓடினான். அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்தது ஒன்றுதான் அதிர்ஷ்டம். கை கொடுக்க எழுந்த நாலு பேரையும் தாண்டிப் போய் ஸ்டுக்கியின் மேசையில் கடிதத்தை அறைந்தான். ஸ்டுக்கி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்தது. வரதராசாவுக்கு விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் பேசினார்.

“பதினாறு வருடமாக நான் இங்கே இருக்கிறேன். எங்கள் எண்களை யாரும் பயன்படுத்துவதில்லை என்று என் மனைவிகூடச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு ஓர் அரச அலுவலகம், ஒரு மனிதனின் வாழ்க்கை பற்றிய முடிவை, முழுக்க முழுக்க எங்கள் எண்களை வைத்து எடுத்திருக்கிறது. நன்றி, ஹெர் வரதராசா. நீங்கள் ஆட்சேபிக்காவிட்டால் இதைப் பிரதி எடுத்துச் சுவரில் மாட்ட விரும்புகிறேன்.”

“நான் அறுநூறு புள்ளி போட்டனான் ஐயா. நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்” என்று வரதராசா தமிழில் கத்தினான். ஆங்கிலம் அந்த நேரம் வாயில் வரவில்லை. செயலாளர் கேட்ட சத்தத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார். ஸ்டுக்கி பிரதி எடுத்துவிட்டுக் கடிதத்தை இரண்டாக மடித்துத் திருப்பிக் கொடுத்து, அடுத்த சீசனுக்கு வாழ்த்தும் சொன்னார்.

ரெலிபோன் எடுக்க அவனுக்கு நாலு நாள் போனது. வெள்ளவத்தையில் வீட்டுக்காரரின் மகன் கூப்பிட, பத்மினி ஓடி வந்தாள்.

“வந்திட்டுதோ?”

“இல்லைப் பத்மினி. ஏலாதெண்டிட்டினம்.”

“ஏன்? முதலாமிடம் எண்டனீங்களே.”

“அவையின்ரை பதிவிலை நான் ஒரு புள்ளியும் எடுக்கேல்லையாம். இருவத்திரண்டு மட்ச்சிலையும் பூச்சியமாம்.”

பத்தி, உருளைக்கிழங்கு, டெல்பேர்ட், பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது என்று அவன் யோசித்தான். தொடங்கினால் ஸ்டுக்கி பேசுகிற மாதிரியே இருக்கும் என்று தோன்றியது.

“பூச்சியமோ?” என்றாள் பத்மினி மெதுவாக. “ஒண்டுகூடவோ விழேல்லை?”

அவன் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“சரி, விடுங்கோ. முப்பத்திமூண்டு வயசாகுது. அந்தக் குளிருக்கை கை விறைச்சுப்போகும்தானே. முந்தியைப்போல பந்து விழாட்டி அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?” அவளுடைய குரல் உடைந்தது. ஆனாலும் அவனைத் தேற்றுவதை அவள் நிறுத்தவில்லை. “அதைப் பெரிசா எடுத்துக் கவலைப்படாதேங்கோ, என்ன?”

“ஓம்” என்றான் வரதராசா.